திரையில் அழுகை: மயான காண்டம் முதல் சப்டைட்டில் வரை

டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க், இன்னும் எங்கெங்கோ இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வீடுகளில் தமிழ்ப் படம் ஓடும்போது இரண்டு குரல்கள் எழும். “என்ன ஆயா, எப்போ பார்த்தாலும் அழுதுக்கிட்டே இருக்காங்க” என்று பேரப்பிள்ளை கேட்கும். “இப்போ வர்ற படத்துல சென்டிமென்டே இல்லை” என்று ஆயா சொல்வார். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒரு காட்சி நெஞ்சைத் தொடுவதற்கும், இன்னொன்று நம்மைப் பிடித்து உலுக்கி அழச் சொல்வதற்கும் என்ன வேறுபாடு என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

அழுகை எதனால் பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ எளியவராய் நிற்பது இளிவு. உற்றாரையோ உடைமையையோ பறிகொடுப்பது இழவு. முன்பிருந்த நிலை கெட்டு வேறு நிலைக்குத் தாழ்ந்து வருந்துவது அசைவு. வேண்டியதை அடைய வழியில்லாமல் ஏங்குவது வறுமை. இன்று நாம் பார்க்கும் பல படங்கள் இழவு ஒன்றையே நம்பி நிற்கின்றன. இடைவேளைக்கு முன்னால் ஒருவர் இறப்பார், இசை பெருகும், அவ்வளவுதான். மற்ற மூன்றும் இல்லாத சாவு செய்தித்தாளில் படித்த சாவு போலக் கடந்துபோகிறது.

நான்கும் ஒரே இடத்தில் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு அரிச்சந்திரன் கதையின் மயான காண்டமே சான்று. நேட்டாலுக்கு வந்த நம் முன்னோர் கூத்துக் கலையையும் கூடவே கொண்டுவந்தார்கள். இங்கே அதை ‘சிக்ஸ் ஃபுட்’ என்கிறோம். அந்தக் கூத்து மரபுக்கே உரிய கதை இது. பாம்பு கடித்து இறந்த மகனைச் சந்திரமதி சுடுகாட்டுக்குத் தூக்கி வருகிறாள், அது இழவு. அரசியாய் இருந்தவள் அடிமையாய் நிற்கிறாள், அது அசைவு. கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி கொடுத்தால்தான் பிணம் எரியும் என்கிறான் காவல்காரன். கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை, அது வறுமை. அவளை அவன் அதட்டி விரட்டுகிறான்; அது இளிவு.

இதற்கு மேலே ஒன்று இருக்கிறது, அதுதான் இந்தக் காட்சியின் உயிர். அதட்டுகிறவன் அவள் கணவன் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. “உன் கழுத்தில் இருக்கும் தாலியை விற்றாவது கொடு” என்கிறான். அந்தத் தாலி அவள் கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடியது. அந்த ஒரு சொல்லில் அவள் அவனை அறிந்துகொள்கிறாள். பார்ப்பவர் கண்ணில் நீர் பெருகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்; நமக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் பிள்ளை போய்விட்டான். நாம் அறிந்திருந்தும் எழுந்து போய்ச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தோமே, அந்தக் கையாலாகாமைதான் கண்ணீராக வெளிப்படுகிறது. அண்ணன் தங்கை படமானாலும், தாய் மகன் படமானாலும், உருக்கமான காட்சியைப் பிரித்துப் பாருங்கள்: யாருக்கு எது எப்போது தெரிகிறது என்ற கணக்கு உள்ளே இருக்கும்.

அந்தக் கணக்கு இல்லாதபோதுதான் கிளிசரின் தேவைப்படுகிறது. கண்ணுக்குக் கீழே வைத்த கிளிசரின் துளி கெட்டியானது, எளிதில் உலராது, கன்னத்தில் பளபளவென்று நின்றுவிடும். மூக்கு சிவக்காமல், குரல் கம்மாமல், துளி மட்டும் உருண்டால் காரணம் தெரியாவிட்டாலும் நம் மனம் அதை ஏற்பதில்லை. உண்மையாக அழுகிறவர் அழுகையை அடக்கத்தான் முதலில் பார்ப்பார். உதட்டைக் கடிப்பார், முகத்தைத் திருப்புவார், கையில் வேலை ஏதாவது தேடுவார். நடிகர் அடக்கினால், மிச்சத்தை நாம் அழுகிறோம். அவரே முழுவதையும் அழுது தீர்த்துவிட்டால் நமக்கு வேலை இல்லை.

இசையிலும் இதே தவறு நடக்கிறது. சோகம் என்றால் சிவரஞ்சனி, சுபபந்துவராளி, ஒரு ஷெனாய் அல்லது வயலின், ராகத்தில் குறையில்லை. அது நுழையும் நேரத்தில்தான் கோளாறு. கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே வயலின் வந்துவிட்டால், கடிதத்தில் என்ன இருக்கிறது என்று இசையமைப்பாளர் சொல்லிவிட்டார். படித்து முடித்த முகத்தை இசையில்லாமல் நாலு விநாடி காட்டுவது பெரிய துணிச்சல். ஒரு விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்ற கணக்கில் அது 96 சட்டகம். அதற்குள் முகத்தில் ஏதாவது நடக்க வேண்டும். நடிப்பில் நம்பிக்கை இல்லாத இயக்குநர் ஒன்றரை விநாடியிலேயே வெட்டி, சுற்றி நிற்கும் உறவினர்களின் அழுத முகங்களை வரிசையாகக் காட்டுவார். ‘இவர்கள் அழுகிறார்கள், நீங்களும் அழுங்கள்’ என்பதுதான் அதன் பொருள். பேரப்பிள்ளைகள் எரிச்சலோடு கேட்பது இதைப் பற்றித்தான், அவர்கள் கேட்பது சரி.

ஆனால் நம் நாட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்ப் படத்தை ஆங்கில சப்டைட்டில் வழியாகவே பார்க்கிறார்கள். திரையின் அடியில் அதிகம் போனால் இரண்டு வரி, வரிக்கு ஏறத்தாழ 40 எழுத்து. அதற்குள் தமிழின் உருக்கம் எங்கெங்கே கசிந்துபோகிறது என்று பாருங்கள். நேற்று வரை “வாம்மா” என்று அழைத்த அண்ணன், இன்று வாசலில் நிற்கும் தங்கையை “வாங்க” என்கிறார். அந்த ஒரு ‘ங்க’ அவளை வேற்றாள் ஆக்கிவிட்டது. தமிழ் கேட்பவர் மனம் அங்கேயே உடைந்துவிடும். கீழே எழுத்தில் இரண்டு நாளும் ‘கம் இன்’ என்றுதான் வருகிறது. அடுத்த காட்சியில் தங்கை விம்மும்போது, எதற்கு இவள் அழுகிறாள் என்று பிள்ளை கேட்கிறது. அது பிள்ளையின் குற்றம் அன்று.

இன்னொன்று, தமிழில் வினை கடைசியில் வரும். “அம்மா... நேத்து ராத்திரி...” என்று நடிகர் இழுத்து நிறுத்தி, மூச்சு வாங்கி, “போயிட்டாங்க” என்று முடிக்கிறார். சப்டைட்டில் முதல் சொல்லோடு முழு வாக்கியத்தையும் காட்டிவிடுகிறது. நடிகர் கடைசிச் சொல்லுக்கு வருமுன் பார்ப்பவர் செய்தியைப் படித்து முடித்து, இவர் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று காத்திருக்கிறார். நல்ல மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு துண்டாக உடைத்து, மௌனம் முடிந்த பிறகே இரண்டாவது துண்டைக் காட்டுவார். அப்படிச் செய்த படத்தில் பிள்ளைகளும் அழுவார்கள்.

பார்க்கும் இடமும் கண்ணீரைக் கூட்டும், குறைக்கும். 1976 வரை தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி கிடையாது. இன்று டாக்டர் யூசுப் டாடூ வீதி என்று பெயர் மாறியிருக்கும் கிரே வீதியையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த அரங்குகளில், இருட்டில், நூற்றுக்கணக்கானவர்களோடு உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறை அது. இருட்டில் ஆண்களும் வெட்கப்படாமல் அழலாம். பக்கத்து இருக்கையில் மூக்குறிஞ்சும் ஓசையே அனுமதி கொடுத்துவிடும். கைபேசியில் அப்படி இல்லை. உருக்கம் சேர்ந்து ஏறுவதற்கு இடையறாத நேரம் வேண்டும். நடுவில் ஒரு செய்தி வந்து படத்தை நிறுத்தினால், ஏறியது இறங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். உங்களை அழவைத்த ஒரு காட்சியை, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மூன்று முறை போடுங்கள். முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். முகம் மட்டும் போதுமானதாக இருக்கிறதா என்று தெரியும். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இசை எந்தச் சொல்லுக்கு முன்னால் நுழைகிறது என்று பிடிபடும். மூன்றாம் முறை பிள்ளைகளோடு சேர்ந்து, சப்டைட்டில் இல்லாமல். காட்சி ஓடும்போது பெரியவர்கள் மொழிபெயர்க்க வேண்டாம், அது இன்னொரு சப்டைட்டில் ஆகிவிடும். தொடங்குவதற்கு முன்பே இரண்டே இரண்டு செய்தி சொல்லுங்கள்: இவர் இவளுக்கு என்ன உறவு, நேற்று அவளை எப்படிக் கூப்பிட்டார். பிறகு “வாங்க” என்ற சொல் வரும்போது திரையைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

வணக்கம்.