கண்டுபிடித்த வரிசையும் சொல்லும் வரிசையும்

நேயர்களுக்கு வணக்கம்.

தரமணியிலோ சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ ஒரு ஐ.டி. அலுவலகத்தில் இந்த நேரத்தில் யாரோ ஒருவர் இப்படி ஒரு மெயில் எழுதிக்கொண்டிருப்பார்: "நேற்று ராத்திரி டேட்டாபேஸ் பேட்ச் போட்டோம். கனெக்‌ஷன் பூல் நிரம்பிவிட்டது. லாக் பார்த்தோம். முதலில் நெட்வொர்க் என்று நினைத்தோம், அது இல்லை..." காலை 9.10 முதல் வாடிக்கையாளர்களால் பணம் கட்ட முடியவில்லை என்பது பதினான்காவது வரியில் வரும். படிக்கிறவர் ஏழாவது வரியிலேயே வேறு மெயிலுக்குப் போயிருப்பார்.

எழுதியவர் விஷயம் தெரிந்தவர்தான். தாம் கண்டுபிடித்த வரிசையிலேயே எழுதிவிட்டார். படிக்கிறவருக்கு வேண்டியது முடிவெடுக்க உதவும் வரிசை. அதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்:

"காலை 9.10 முதல் கார்டு வழியாகப் பணம் கட்ட முடியவில்லை; யு.பி.ஐ. வேலை செய்கிறது. நேற்றிரவு டேட்டாபேஸில் போட்ட திருத்தம் (பேட்ச்) காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம், இன்னும் உறுதி செய்யவில்லை. பேட்சைத் திரும்ப எடுக்கிறோம், 10.15-க்கு முடியும். அதுவரை கால் சென்டரில் யு.பி.ஐ. வழியைச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த தகவல் 10.30-க்கு."

இதில் பெரும்பாலோர் விட்டுவிடுவது கடைசி வரி. அது இல்லையென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது போன் செய்து "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள், சரி செய்கிறவரின் கை நின்றுவிடும். 10.30-க்குள் சரியாகவில்லை என்றாலும், சரியாகவில்லை என்று 10.30-க்கு மெயில் போக வேண்டும். சந்தேகத்தையும் உறுதியையும் பிரித்துச் சொல்வதும் முக்கியம். காலையில் ஊகமாகச் சொன்னதை மதியத்துக்குள் நாலு பேர் உண்மையாக்கிவிடுவார்கள். எப்படிக் கண்டுபிடித்தோம் என்ற கதை மறுநாள் அறிக்கைக்கு உரியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு யார் கேட்பார்கள் என்று சிலர் தயங்குகிறார்கள். சிலப்பதிகாரத்தின் பதிகம், மதுரை எரிந்ததுவரை முன்னாலேயே சொல்லிவிடுகிறது. அதற்காகக் காப்பியத்தை யாரும் மூடி வைத்துவிடவில்லை.

வரிசை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. 1986 ஜனவரி 27, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்படுவதற்கு முந்தைய இரவு. பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளில் வாயு கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று அந்த பூஸ்டரைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். நாசாவுக்கு 13 தாள்களை ஃபேக்ஸில் அனுப்பினார்கள். முந்தைய எல்லாப் பயணங்களையும் வெப்பநிலை வரிசையில் அடுக்கிய ஒரு தாள் மட்டும் அவற்றில் இல்லை. அந்தக் கணக்கைப் பின்னால் விசாரணைக் குழு போட்டது. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் 3-ல்தான் வளையம் பாதிக்கப்பட்டிருந்தது. 63 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்த 4 பயணங்களில் நான்கிலுமே பாதிப்பு. மறுநாள் ஏவும்போது காற்றின் வெப்பநிலை 36 டிகிரி. 73-வது வினாடியில் விண்கலம் சிதறி, ஏழு பேரும் இறந்தார்கள். எச்சரித்தவர்கள்மேல் பழி போடுவது நியாயமில்லை; பொறுப்பு, கேட்காமல் முடிவெடுத்தவர்களுடையது. ஆனாலும் அந்த இரண்டு எண்ணிக்கைகளும் ஒரே தாளில் அருகருகே இருந்திருந்தால், அதைத் தள்ளிவிட்டுப் போவது மிகவும் கடினமாகியிருக்கும்.

எண்ணை ஆளாக மாற்றிச் சொல்லவும் பழக வேண்டும். "ரெஸ்பான்ஸ் டைம் பி95 நாலு வினாடி" என்றால் நிதிப் பிரிவில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. நூறு ஆர்டரில் ஐந்து, நாலு வினாடிக்கு மேல் காத்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். நாளுக்கு 20,000 ஆர்டர் என்றால் ஆயிரம் ஆர்டர் என்று சொல்லுங்கள். பிறகு ஒரு ஆளைக் காட்டுங்கள்: பல்லாவரத்தில் மருந்துக் கடை, கவுன்ட்டரில் ஒருவர்தான், எதிரே நாலு பேர் சீட்டோடு நிற்கிறார்கள், பில் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. சராசரி ஒரு வினாடி என்று மட்டும் சொன்னால் இவர் கணக்கிலேயே வரமாட்டார். 99.9 சதவீதம் அப்டைம் என்பதும் அப்படித்தான். கேட்க நன்றாக இருக்கும். 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் சேவை இருக்காது என்பது அதன் பொருள். அந்த 43 நிமிடம் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பட்ஜெட் பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

உவமை சொல்லும்போது, அந்தத் தொழில்நுட்பம் எங்கே பழுதாகும் என்பதையும் உவமை காட்ட வேண்டும். கேஷ் (cache, அடிக்கடி கேட்கப்படும் தகவலின் நகலை அருகிலேயே வைத்துக்கொள்வது) என்றால் மளிகைக் கடைக்காரர் அடிக்கடி விற்கும் சரக்கைக் குடோனில் வைக்காமல் கைக்கெட்டும் தட்டில் வைப்பது போல என்பார்கள். இது பாதிதான். சர்க்கரை விலை காலையில் ஏறிவிட்டது, குடோன் நோட்டில் மாற்றிவிட்டார்கள், தட்டில் இருக்கும் பாக்கெட்டில் பழைய விலை. இதையும் சேர்த்துச் சொன்னால், கேஷை எப்போது காலி செய்ய வேண்டும் என்ற கேள்வியைக் கேட்பவரே கேட்பார்.

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் வரிசைப்படுத்துகிறது. அவற்றில் 'மயங்க வைத்தல்' நம் அலுவலகங்களில் தினமும் நடக்கிறது. 04/05 என்று எழுதினால் நமக்கு மே 4, அமெரிக்காவில் இருப்பவருக்கு ஏப்ரல் 5. மாதத்தை எழுத்திலேயே எழுதுங்கள். மணியோடு இந்திய நேரமா அவர்கள் நேரமா என்பதையும் எழுதுங்கள். இதைவிட ஆபத்தானது "வி வில் ட்ரை". முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மனம் வராமல் நாம் சொல்வது அது. அந்தப் பக்கம் கேட்கிறவர் சரி என்று எழுதிக்கொள்கிறார். "வெள்ளிக்கிழமை முடியாது, புதன்கிழமை முடியும். வெள்ளிக்கிழமையே வேண்டும் என்றால் ரிப்போர்ட் பகுதியை விட்டுவிட்டுத் தரலாம்" என்று சொல்லிப் பாருங்கள். மரியாதை குறையாது.

டெமோவுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தால், முதல் நிமிடம் அந்த மருந்துக் கடைக்காரருக்கு. அடுத்த ஆறு நிமிடம் ஒரே ஒரு வேலை, தொடக்கம் முதல் முடிவு வரை: மருந்தைத் தேடி எடுத்து, பில் போட்டு, பணம் வாங்குவது. மற்ற மெனுக்களைத் தொட வேண்டாம். மீதி மூன்று நிமிடம் கேள்விக்கு. முன்கூட்டியே லாகின் செய்து வையுங்கள், வாட்ஸ்அப் அறிவிப்புகளை நிறுத்துங்கள், எழுத்தைக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். "டெஸ்ட்1", "ஏபிசி" என்ற பெயர்களை எடுத்துவிட்டு மருந்துப் பெயர்களும் நம்பும்படியான விலைகளும் போடுங்கள். இல்லாவிட்டால் பாராசிட்டமால் பட்டைக்கு 99,999 ரூபாயா என்ற பேச்சிலேயே இரண்டு நிமிடம் போய்விடும். வைஃபை கைவிட்டால் ஓடவிட, அதே ஆறு நிமிடத்தையும் வீடியோவாக லேப்டாப்பில் வைத்திருங்கள்.

முடிக்கும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்று சொல்லி எழுந்து போய்விடுவார்கள். "அடுத்த திங்கள் முதல் இரண்டு கடைகளில் போட்டுப் பார்க்கலாமா? எந்தக் கடைகள்?" என்று கேளுங்கள்.

வணக்கம்.