அலைக்குளத்தில் அம்மா

நடுவர் அவர்களுக்கும் அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் என் வணக்கம். நீர்விளையாட்டுப் பூங்காவுக்குச் செல்லும் குடும்பத்துக்கு அதிக நெருக்கத்தைத் தருவது செல்லும் வழியா, சேரும் பூங்காவா என்பது இன்றைய வழக்கு. பூங்காவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுப் பாலத்தைக் கடக்கும்போது காருக்குள் எழும் குதூகலத்தையும், சவுக்கு நிழலில் வண்டியை நிறுத்திப் புளியோதரை உண்பதையும் அழகாக எடுத்துரைத்தார். அந்தச் சுவையை நானும் அறிவேன். ஆனால் அதற்காக விடியற்காலை 4 மணிக்கு எழுந்து புளிக்காய்ச்சல் கிளறியவர் யார், பின்னிருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலையும் குமட்டலுக்கு எலுமிச்சம்பழத்தையும் எடுத்து நீட்டியபடியே வந்தவர் யார் என்பதை நண்பர் சொல்லவில்லை. வீட்டில் அவரவருக்கு உள்ள வேலை வண்டிக்குள்ளும் அப்படியே தொடர்கிறது. அப்பா ஓட்டுகிறார், பிள்ளைகள் கைப்பேசி பார்க்கிறார்கள், அம்மா பரிமாறுகிறார். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையத்து பிளாக் தண்டர் பூங்கா வரை போவதென்றால் 500 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரமும் இதே ஏற்பாடுதான்.

நம் சென்னையில் தண்ணீர் என்பது என்ன என்று எண்ணிப் பாருங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. நான் வில்லிவாக்கத்துக்காரி. ரயிலில் தண்ணீர் வந்த அதே வில்லிவாக்கத்தில்தான் என் அம்மா, லாரிக்காகப் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு இரவெல்லாம் காத்திருந்தார். குளிக்க ஆளுக்கு ஒரு வாளி, அரிசி களைந்த நீர் செடிக்கு, துணி அலசிய நீர் கழிப்பறைக்கு என்று அவர் அன்று வகுத்த கணக்கு, ஏரிகள் நிரம்பிய பிறகும் எங்கள் வீட்டில் மாறவில்லை.

கடல்தான் இருக்கிறதே என்பீர்கள். மெரினாவில் இறங்கிக் குளிக்கக் காவல்துறை தடை விதித்திருக்கிறது. நீரோட்டம் இழுத்துச் சென்ற பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை நாம் எத்தனையோ முறை படித்துவிட்டோம். 55 வயது வரை கடலோர நகரில் வாழ்ந்த என் அம்மா, புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்து அலையில் கால் நனைத்ததோடு சரி.

இத்தகைய ஒருவரைத்தான் நாங்கள் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். நூலிழை பிரிந்து வடிகட்டியில் சிக்கும் என்பதால் பருத்தி உடையோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடையை வாடகைக்கு எடுக்க வேண்டும். உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வர அம்மா கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, எவரேனும் பார்க்கிறார்களா என்று தயங்கித் தயங்கி வந்தவர், தம் வயதுப் பெண்கள் பலர் அதே உடையில் நடமாடுவதைக் கண்டபின் கைகளைத் தளர்த்தினார். கைப்பேசிகளும் பையும் லாக்கருக்குள் போய்விட்டன. அம்மாவின் கையில் ஒன்றுமே இல்லாததை அன்றுதான் பார்த்தேன்.

அலைக்குளத்தின் தரை கடற்கரையைப் போலவே மெல்லச் சரிந்து ஆழமாகிறது. பெரும்பாலும் பின்சுவருக்கு அப்பால் உள்ள அறைகளில் காற்றை அழுத்தி, அதனால் நீரைத் தள்ளி அலையை எழுப்புகிறார்கள். அலை வரப்போவதை அறிவிக்கும் சங்கு ஊதியது. முதல் அலை இடுப்பில் மோதியபோது அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். அவருடைய வளையல் அழுந்திய தடம் வெகுநேரம் என் கையில் இருந்தது. மூன்றாவது அலைக்குப் பிடியை விட்டுவிட்டார். பிறகு, ஒரு குவளைத் தண்ணீரைக்கூடக் கணக்குப் பார்த்துச் செலவிட்ட அந்தப் பெண்மணி, இரண்டு கைகளாலும் நீரை வாரி அப்பாவின் தலையில் இறைத்தார். அப்பா திருப்பி இறைத்தார். என் பெற்றோர் விளையாடி நான் கண்டது அதுவே முதல் முறை.

தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊருக்கு இது ஆடம்பரம் என்று எதிரணியினர் வாதிடக்கூடும். குளத்து நீரை வடிகட்டி, குளோரின் கலந்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறார்கள். ஆயினும் 2019 போல் இன்னொரு கோடை வந்தால் குடிநீருக்கே முதலிடம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கட்டணம் மிகுதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாங்களும் பல மாதம் சேர்த்துவைத்துத்தான் போனோம்.

திரும்பும் வழியில் எங்கள் வண்டியிலும் பேச்சு ஓயவில்லை. போகும்போது பேச ஒன்றுமில்லாதிருந்த எங்களுக்கு வரும்போது பேசப் பொருள் தந்தது அந்தக் குளமே அன்றோ? சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது, ஈரத்தலையைத் துவட்டியபடி அம்மா சொன்னார்: “அடுத்த தடவை காலையிலேயே போயிடலாம். ரெண்டு தரம் சங்கு ஊதிட்டாங்க, நாம வர்றதுக்குள்ள.”

அந்தக் குளத்தின் பக்கம் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி.