புல்ஸ்ஐ மருந்தும் .38 ஸ்பெஷல் தோட்டாவும்

வணக்கம் நேயர்களே. சுட்ட ரிவால்வர் தோட்டாவின் காலிக் கூட்டை எடுத்து, புது பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்கும் வேலையைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அமெரிக்காவில் இது பழைய பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்கு நிரப்பினால் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கிருந்து கேட்பவர்கள் இதைக் கைவேலைக்கான குறிப்பாக இல்லாமல் ஒரு தொழில்நுட்பமாகவே கேளுங்கள்.

எல்லாத் தோட்டாவையும் தொட்டுப் பேச நேரம் போதாது. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: இலக்குத் தாளில் சுடும் .38 ஸ்பெஷல் தோட்டா. அதற்குள் 148 கிரெய்ன் எடையுள்ள, தட்டை முகம் கொண்ட வாட்கட்டர் குண்டு, அதற்கடியில் 2.7 கிரெய்ன் புல்ஸ்ஐ மருந்து. அமெரிக்கத் துப்பாக்கி சுடும் மன்றங்களில் பல தலைமுறையாக ஓடிவரும் கணக்கு இது. ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம். அப்படியானால் 2.7 கிரெய்ன் என்பது கால் கிராம்கூட இல்லை. ஒரு பவுண்டு டப்பாவில் 7000 கிரெய்ன் இருப்பதால், ஒரே டப்பாவில் ஏறத்தாழ 2590 தோட்டா நிரப்பலாம். இந்த மருந்தின் மேல் ஆட்களுக்கு இருக்கும் பற்றுதலில் பாதி இந்தச் சிக்கனத்தால் வந்தது.

புல்ஸ்ஐ மருந்தை லாஃப்லின் அண்ட் ராண்ட் நிறுவனம் 1898-இல் கொண்டுவந்தது. பிறகு அந்த நிறுவனம் டூபான்ட் கைக்குப் போனது. ஏகபோக வழக்கில் 1912-இல் டூபான்ட்டைப் பிரித்தபோது ஹெர்குலிஸுக்கு வந்தது. 1995 முதல் அலையன்ட் பெயரில் வருகிறது. பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தாலும் மருந்து நிலைத்துவிட்டது. நுண்ணிய வட்டச் செதில்களாக, கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். நைட்ரோசெல்லுலோஸோடு நைட்ரோகிளிசரினும் சேர்ந்த இரட்டை அடித்தள வகை. மிக வேகமாக எரியும். குறைந்த அழுத்தத்தில் கொஞ்சம் கரி விடும் என்று குறை சொல்வார்கள். உண்மைதான், சுட்டு முடித்தால் விரலெல்லாம் கறுப்பு. சுத்தமாக எரியும் புது மருந்துகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் தாளில் துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்த்தால், கரியைத் துடைக்கும் சிரமம் பெரிதாகத் தெரியாது.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். .38 ஸ்பெஷல் கூடு, கரும்புகை மருந்துக்காக அளவெடுக்கப்பட்டது. முதலில் அதில் போட்டது சுமார் 21 கிரெய்ன் கரும்புகை மருந்து. கூடு நிறைய இடம் பிடிக்கும் சரக்கு. புகையற்ற மருந்து வந்ததும், அதே வேலைக்கு மூன்று நான்கு கிரெய்ன் போதும் என்றாகிவிட்டது. கூட்டின் நீளமோ 29.3 மில்லிமீட்டராக அப்படியே நின்றது. விளைவு, உள்ளே பெரிய வெற்றிடம். அதில் மருந்து படுத்துக்கிடக்கும். துப்பாக்கியின் வாயைக் கீழே சாய்த்துவிட்டுத் தூக்கினால் மருந்து குண்டின் பக்கம் ஓடும். மேலே தூக்கிவிட்டுத் தாழ்த்தினால் பிரைமர் பக்கம் ஓடும். நெருப்பு படும் விதம் மாறுவதால் வேகமும் மாறும்.

இதற்கு மாற்றுதான் வாட்கட்டர் குண்டு. தட்டையான முகம் கொண்ட ஈய உருளை. மற்ற குண்டுகளைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல், கூட்டின் வாய்க்குச் சமமாக உள்ளே முழுவதும் இறங்கிவிடும். கூட்டுக்குள் பாதிக்கு மேல் அதுவே அடைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் சின்ன அறையில் ஏறத்தாழ பாதியை 2.7 கிரெய்ன் புல்ஸ்ஐ நிரப்பும். மருந்துக்கு ஓடியாட இடமில்லாததால் வேகம் சீராகிறது. நொடிக்குச் சுமார் 210 முதல் 230 மீட்டர் வேகம், மென்மையான உதை, தாளில் கத்தரித்தாற்போல் வட்டமான துளை. மதிப்பெண் கணக்கிடுபவருக்கு வாதத்துக்கு இடமிருக்காது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் வாட்கட்டர் தோட்டாக்களையே சுடுவதற்கும் இதுதான் காரணம். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளிகளோடு உலக சாதனையைச் சமன் செய்தது அந்தப் போட்டியில்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குண்டு வைப்பதற்கு முன்னால் அந்தக் கூடு காலியாக இருக்கிறது. 2.7 கிரெய்ன் போட்டால் அடியில் ஒரு சிட்டிகை தெரியும். இன்னொரு முறை தெரியாமல் போட்டாலும் வழியாது. நான்கு மடங்கு போட்டாலும் வழியாது. இரட்டை மருந்து விழுந்த கூட்டின் மேல் குண்டை அழுத்தினால் அதுவும் பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாமல் அமர்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல தோட்டா போலவே இருக்கும். .38 ஸ்பெஷலுக்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. அவ்வளவு சிறிய அறையில் வேகமான மருந்து இரட்டிப்பாக எரிந்தால் அந்த எல்லை எங்கேயோ போய்விடும். சிலிண்டர் என்ற தோட்டா உருளையின் மேல்பாதி பிய்ந்து, அதற்கு மேலுள்ள சட்டப்பட்டை வளைந்து கிடக்கும் ரிவால்வர்களுக்குப் பின்னால் வழக்கமாக இருக்கிற கதை இது. குறைந்த மருந்து தானாகவே ‘டிடோனேட்’ ஆகிவிடுகிறது, அதாவது சீராக எரியாமல் ஒரேயடியாக வெடித்துவிடுகிறது என்று மர்மக் காரணம் சொல்பவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போவானேன், இரட்டை மருந்து போதும்.

எனவே இந்தத் தோட்டாவுக்கு நிரப்பும் முறையே கண்ணால் பார்ப்பதைச் சுற்றி அமைய வேண்டும். ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா தரும் புரோகிரசிவ் பிரஸ் என்ற நிரப்பும் கருவி இதற்குத் தேவையில்லை என்பது என் கருத்து. கைப்பிடியைப் பாதியில் நிறுத்தித் திருப்பி இழுத்தால், ஏற்கெனவே மருந்து விழுந்த கூட்டிலேயே மறுபடியும் விழ வாய்ப்பிருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே படியைச் செய்யும் ஒற்றை நிலைப் பிரஸ்ஸும், 50 துளையுள்ள மரப்பலகை ஒன்றும் போதும்.

வரிசை இப்படி. கூட்டின் வாயில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மயிரிழை விரிசலானாலும் தூக்கிப் போடுங்கள். டம்ளர் என்ற சுத்தம் செய்யும் கருவியில் சோளச்சக்கைத் தூளோடு சுழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு கார்பைடு என்ற கடினப் பொருளாலான டையில் (அச்சில்) அளவு சுருக்கினால் பழைய பிரைமரும் கழன்றுவிடும்; கார்பைடு என்பதால் எண்ணெய் தடவ வேண்டாம். அடுத்தது வாய் விரிப்பு. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சாதாரண டையில் வரும் விரிப்பான் குட்டையானது, வாயை மட்டும் விரிக்கும். வாட்கட்டரோ ஆழமாக இறங்கும். விரியாத கூட்டுச் சுவர் மெத்தென்ற ஈயத்தை நெரித்து, குண்டின் விட்டத்தைக் குறைத்துவிடும். பிறகு தாளில் துளைகள் சிதறும்போது மருந்தைக் குறை சொல்வார்கள். வாட்கட்டருக்கென்று நீளமான விரிப்பான் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கூட்டிலும் வேறுபாடு உண்டு: தொழிற்சாலை வாட்கட்டர் தோட்டாவின் காலிக் கூட்டுக்குச் சுவர் நெடுகிலும் மெல்லிசாக இருக்கும், மற்றவை அடியில் தடித்திருக்கும். தடித்ததில் வாட்கட்டரை இறக்கினால் நடுவயிறு புடைத்து, சிலிண்டரில் நுழைய மறுக்கும்.

பிரைமர் சிறிய பிஸ்டல் வகை. கூட்டின் அடிமட்டத்தைவிட ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் உள்ளே அமர வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் சிலிண்டர் சுழலும்போது பின்தகட்டில் உரசி நிற்கும், முதல் அடியில் வெடிக்காமலும் போகலாம். விரல் நுனியைத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிரைமர்களை ஒருநாளும் கண்ணாடிக் குப்பியில் கொட்டி வைக்காதீர்கள். ஒன்று வெடித்தால் எல்லாமே ஒன்றாக வெடிக்கும். வந்த அட்டையிலேயே இருக்கட்டும்.

இனி மருந்து. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். கூட்டுகளைப் பலகையில் வாய் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றை எடுத்து, நிமிர்த்தி, மருந்தை அளந்து கொட்டும் கருவியான அளவியின் கீழ் வைத்து மருந்து விழவிட்டு, அடுத்த பலகையில் நிமிர்த்தி வையுங்கள். கவிழ்ந்தது காலி, நிமிர்ந்தது நிரம்பியது, குழப்பம் வராது. ஐம்பதும் முடிந்ததும் மேலிருந்து டார்ச் அடித்து வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். உயரமாகவோ தாழ்வாகவோ ஒன்று தெரிந்தாலும் அதைக் கொட்டி மறுபடி நிரப்புங்கள். காலியாக இருப்பதும் ஆபத்துதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

அளவியை நம்பலாம், ஆனால் தராசை வைத்துக்கொண்டுதான் நம்ப வேண்டும். தொடக்கத்தில் பத்து தடவை கொட்டி அதை ஒதுக்கிவிட்டு, பிறகு பத்துக்கு ஒன்றை எடை போடுங்கள். 0.1 கிரெய்ன் ஏறினால் என்ன என்று நினைப்பார்கள், 2.7-இல் அது ஏறத்தாழ 4 சதவீதம். கோலில் வெட்டிய பள்ளங்களில் எடையை நகர்த்தும் தராசில் பெரிய எடையை ஒரு பள்ளம் தவறி வைத்தால் 5 கிரெய்ன் கூடிவிடும் மாடல்கள் உண்டு. ஆரம்பத்திலேயே தெரிந்த எடையுள்ள கல்லை வைத்துச் சரிபாருங்கள். உங்கள் குண்டும் பிரைமரும் எதுவோ, அதற்கு மருந்து தயாரித்தவரின் தற்போதைய அட்டவணையை எடுத்து, குறைந்த அளவிலிருந்து ஆரம்பியுங்கள். வெளியே நீட்டி நிற்கும் 158 கிரெய்ன் குண்டுக்கு எழுதிய அளவை, உள்ளே இறங்கும் வாட்கட்டருக்குப் போடாதீர்கள். அறை சுருங்கினால் அதே மருந்து வேறு அழுத்தம் காட்டும்.

குண்டின் அடியைப் பார்த்து வாங்குங்கள். அடி குழிந்த வகை மெல்லிய பாவாடை போன்றது. வாயு அதை விரித்துக் குழலில் இறுக்கும், துல்லியம் அதனால்தான். அதைக் கூடுதல் மருந்தால் விரட்டினால், குண்டின் தலை பறந்து பாவாடை குழலிலேயே நின்றுவிடலாம். அடுத்த குண்டு அதில் மோதிக் குழலைப் புடைக்க வைக்கும். இந்தத் தோட்டாவுக்கு வேகம் வேண்டும் என்று ஆசைப்படுபவர் வேறு குண்டுக்குப் போகட்டும். குண்டை அமர்த்துவதும் வாயை மடிப்பதும் தனித்தனிப் படிகளாக இருக்கட்டும். ஒரே படியில் செய்தால் மடிப்பு ஈயத்தைச் சீவும். முடித்த ஒவ்வொன்றையும் சிலிண்டரில் போட்டுப் பாருங்கள், தானாக விழுந்து தானாக வெளிவர வேண்டும்.

இப்போது அந்தக் காலிக் கூடு. மருந்து விழாத தோட்டாவில் பிரைமர் மட்டுமே வெடிக்கும். ‘டப்’ என்று ஒரு மந்தமான சத்தம், உதையில்லை. குண்டு சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலோ குழலின் தொடக்கத்திலோ சிக்கிக்கொள்ளும். போட்டி வேகத்தில் விரல் அடுத்த சுடுதலுக்குத் தயாராகிவிடும், ஆபத்து அதில்தான். சத்தம் குறைந்தால் உடனே நிறுத்தி, துப்பாக்கியின் வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்து 30 நொடி பொறுத்து, சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சிக்கிய குண்டைப் பித்தளைக் கம்பியால், கொஞ்சம் எண்ணெய் விட்டு, முன்பக்கமிருந்து தட்டி எடுக்கலாம். இன்னொரு தோட்டாவால் தள்ளிவிடலாம் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். சிலிண்டரே திறக்காவிட்டால் அதை ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவது நல்லது.

நிறைய சுடுபவர்கள் பிரைமரின் முகம் தட்டையானால் அழுத்தம் அதிகம் என்று பார்த்துச் சொல்வார்கள். 17,000 பவுண்டு அளவிலான அழுத்தத்துக்கு அந்த அடையாளம் எதையும் காட்டாது. காலிக் கூடு சிலிண்டரில் இறுகி வர மறுத்தால், அப்போதே எல்லையை வெகுவாகத் தாண்டியாயிற்று என்று பொருள்.

வேலை முடிந்ததும் அளவியில் மிஞ்சிய மருந்தை அதே டப்பாவுக்குத் திருப்பிவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் நைட்ரோகிளிசரின் அளவியின் பிளாஸ்டிக்கைக் கறையாக்கும், மறுநாள் உள்ளே என்ன மருந்து என்ற ஐயமும் வரும். டப்பாவைத் திறக்கும்போது புளித்த அமில வாடை அடித்தால் மருந்து கெட்டுவிட்டது, உபயோகிக்காதீர்கள். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிட வேண்டாம். குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். பெட்டியில் தேதி, மருந்தின் பெயர், எத்தனை கிரெய்ன், குண்டு, பிரைமர் எல்லாம் எழுதி ஒட்டுங்கள். சீட்டு இல்லாத பெட்டி கிடைத்தால், சுத்தியல் வடிவ உருவியால் எல்லாத் தோட்டாக்களையும் பிரித்துவிட்டு, அந்த மருந்தை அளவிக்குள் போடாமல் அப்புறப்படுத்துங்கள். நன்றி, வணக்கம்.