பினோக்கியோவின் பசி

வணக்கம். வானொலி நேயர்கள் எல்லோருக்கும் என் அன்பு.

பிடித்துப்போக வேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டுப் பார்க்க உட்கார்ந்து, கடைசியில் மனசு விட்டுப்போய் எழுந்த ஒரு படத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். 2002 அக்டோபரில் இத்தாலியில் வெளியான 'பினோக்கியோ'. இது கார்ட்டூன் இல்லை, மனிதர்கள் நடித்த படம். படத்தை இயக்கியவரும் ராபர்ட்டோ பெனினி, பினோக்கியோவாக நடித்தவரும் அவரே.

பினோக்கியோ என்றதும் நமக்கு மூக்குதான் ஞாபகம் வரும். பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மை. கதை அவ்வளவுதான் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். மூலப் புத்தகத்தின் 36 அத்தியாயங்களையும் படித்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. மூக்கு நீள்வது சில இடங்களில்தான். திரும்பத் திரும்ப வருவது பசி.

தச்சன் ஜெப்பெட்டோவின் வீட்டை எழுதியவர் எப்படிக் காட்டுகிறார் தெரியுமா? சுவரோரம் ஓர் அடுப்பு எரிகிறது, அதன்மேல் பானை கொதிக்கிறது, ஆவி எழும்புகிறது. எல்லாம் சுவரில் வரைந்த ஓவியம். பசியோடு வரும் பொம்மைப் பையன் அந்தப் பானையைத் திறந்து பார்க்க ஓடுகிறான். கை சுவரில் போய் முட்டுகிறது.

அடுத்த நாள் காலை, ஜெப்பெட்டோ தனக்கென்று வைத்திருந்த மூன்று பேரிக்காய்களைப் பையனிடம் கொடுக்கிறார். தோலைச் சீவினால்தான் தின்பேன் என்று அவன் அடம்பிடிக்கிறான். அவரும் பொறுமையாகச் சீவித் தருகிறார். தின்று முடித்தும் பசி அடங்கவில்லை. அப்புறம் ஒதுக்கி வைத்த தோலையும் தின்கிறான், நடுவிலிருக்கும் சக்கையையும் தின்கிறான். பள்ளிக்கூடம் போக அரிச்சுவடி வேண்டுமே! குளிர்காலத்தில் தன் கோட்டை விற்று வாங்கி வருகிறார் அந்த மனிதர். கோட்டு எங்கே என்று பையன் கேட்டால், உடம்புக்குச் சூடாக இருந்தது, விற்றுவிட்டேன் என்கிறார். அந்த அரிச்சுவடியைத்தான் அவன் பொம்மலாட்டம் பார்க்க நாலு காசுக்கு விற்கிறான்.

இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கதையை எழுதியவர் கார்லோ கொலோடி. பிறந்தது ஃபுளோரன்ஸ் நகரில். இயற்பெயர் கார்லோ லொரென்சினி, அம்மா பிறந்த கிராமத்தின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். 1881இல் ரோம் நகரத்துச் சிறுவர் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது. பதினைந்தாவது அத்தியாயத்தில், திருடர்கள் பையனைப் பெரிய ஓக் மரத்தில் தூக்கில் தொங்கவிடுவதோடு கதையை முடித்துவிட்டார். குழந்தைகள் விடவில்லை. மறுபடி எழுதுங்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் மீதிக் கதை வந்தது. 1883இல் புத்தகமாயிற்று.

சரி, படத்துக்கு வருகிறேன்.

இந்தக் கதையைப் படமாக்க பெனினியைவிடப் பொருத்தமானவர் யார்? கொலோடியைப் போலவே அவரும் இத்தாலியின் டஸ்கனி மண்ணின் மனிதர், ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வதைமுகாமில் இருக்கும் தன் மகனிடம், இதெல்லாம் ஒரு விளையாட்டு என்று நம்பவைக்கும் அப்பா. அந்தப் படத்துக்காக 1999இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. அதற்கும் முன்பு, இத்தாலியின் புகழ்பெற்ற இயக்குநர் ஃபெல்லினி எடுத்த கடைசிப் படத்தில் நடித்திருந்தார். ஃபெல்லினியும் அவரும் சேர்ந்து பினோக்கியோ எடுப்பதாகப் பேசியிருந்தார்கள். 1993இல் ஃபெல்லினி இறந்துபோனார். ஆக, பல வருடங்களாக மனசில் சுமந்த கனவு இது. செலவு நாற்பது மில்லியன் யூரோவுக்கும் மேல். அதுவரை இத்தாலியில் எடுத்த படங்களிலேயே அதிகச் செலவு பிடித்தது இதுதான்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் அந்த டிவிடியைப் போட்டேன். பக்கத்தில் என் அக்கா மகன், அப்போது அவனுக்கு ஏழு வயது. கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கேட்டான்: "மாமா, இந்த ஆளு யாரு? பொம்மை எப்ப வரும்?"

"இவர்தான்டா பொம்மை" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. பாதியில் எழுந்து விளையாடப் போய்விட்டான்.

படம் வெளியானபோது பெனினிக்கு ஐம்பது வயது நிறைய இரண்டு வாரம்தான் பாக்கி. முகத்தில் மர ஒப்பனை எதுவும் இல்லை. பூப்போட்ட வெள்ளை உடுப்பு, கூம்புத் தொப்பி, அவ்வளவுதான். மேடை நாடகத்தில் இது நடக்கும். தாத்தா ஒருவர் குழந்தை கண்ணனாக வந்தாலும் சபை ஏற்றுக்கொள்ளும். கேமரா அப்படி ஏற்காது. கண்ணுக்குக் கீழே உள்ள சுருக்கத்தையும் அது காட்டிவிடும்.

வயதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். கொலோடியின் பையன் லேசுப்பட்டவன் இல்லை. புத்தி சொன்ன சில்வண்டைச் சுத்தியலை வீசிக் கொன்றவன், அப்பாவின் கோட்டு விலையில் வந்த புத்தகத்தை விற்றவன். அவனை நாம் பொறுத்துக்கொள்வது அவன் சின்ன உயிர் என்பதால்தான். உலகத்துக்கு வந்து ஒரு நாள்தான் ஆகிறது, அவனுக்கு என்ன தெரியும் என்று மனசு இளகுகிறது. அதே அடத்தை ஐம்பது வயது மனிதர் உரக்கக் கத்திக்கொண்டே செய்தால், இளக வேண்டிய மனசு சலித்துப்போகிறது. பெனினி ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை. ஓடுகிறார், குதிக்கிறார், கூவுகிறார். பசித்த குழந்தை சோர்ந்து உட்காரும் நேரம் என்று ஒன்று உண்டே, அது எனக்குக் கிடைக்கவே இல்லை.

இன்னொரு குறை. புத்தகத்தில் அந்த மரக்கட்டை எங்கிருந்தோ ஒரு தச்சுப்பட்டறைக்கு வந்து சேர்கிறது. குளிருக்கு அடுப்பில் போடும் சாதாரணக் கட்டை. அது ஏன் பேசுகிறது என்று கொலோடி சொல்லவே இல்லை. படத்திலோ முதலிலேயே வெள்ளெலிகள் இழுக்கும் வண்டியில் தேவதை வருகிறாள், நீலப் பட்டாம்பூச்சி பறந்துபோய்க் கட்டையில் உட்காருகிறது, கட்டை ஊர் முழுக்க உருண்டு அமளி செய்துவிட்டு ஜெப்பெட்டோ வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் இவ்வளவு மந்திரமும் பணமும் கொட்டிய பிறகு, அந்த ஏழைத் தச்சனின் வறுமையை எங்கே தேடுவது? புத்தகத்தில் அவர் பையனுக்குப் பூப்போட்ட காகிதத்தில் சட்டை தைக்கிறார், மரப்பட்டையில் செருப்பு செய்கிறார், ரொட்டியின் உட்சதையைப் பிசைந்து தொப்பி செய்கிறார். துணி வாங்கக் காசில்லை, அதனால்தான். படத்தில் அந்த உடுப்பு பட்டு மாதிரி மின்னுகிறது.

அரங்கமும் உடையும் அமைத்த தனிலோ தொனாத்தி பெரிய கலைஞர். இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். படம் வெளிவருவதற்கு முன்பே 2001 டிசம்பரில் காலமாகிவிட்டார். இந்தப் படத்துக்காக இத்தாலியின் டேவிட் திரைப்பட விருதுகள் இரண்டு அவருக்கு, இறந்த பிறகு, கிடைத்தன. அந்தக் கைவேலைக்கு அது தகும்.

அமெரிக்காவில் 2002 கிறிஸ்துமஸ் அன்று வெளியிட்டபோது பெனினியின் குரலையே எடுத்துவிட்டு, ஓர் அமெரிக்க இளைஞரின் ஆங்கிலக் குரலை ஒட்டவைத்தார்கள். வாய் ஒரு பக்கம் போகிறது, குரல் ஒரு பக்கம் போகிறது. பெனினியின் உயிரே அந்த டஸ்கனிப் பேச்சில்தான் இருக்கிறது. அதை எடுத்தால் மிச்சம் என்ன? ஆஸ்கர் வாங்கிய அதே நடிகருக்கு, அந்த ஆண்டின் மிக மோசமான நடிகர் என்று ராஸி விருது கொடுத்தார்கள். அவ்வளவு கேலி அவருக்கு வேண்டாம். ஆசைப்பட்டு எடுத்த படம் தவறிப்போவது பாவம் இல்லை.

கடைசிக் காட்சி ஒன்று மட்டும் எனக்கு மிகவும் பிடிக்கும். நிஜப் பையனாகிவிட்ட பினோக்கியோ பள்ளிக்கூடத்துக்குள் போகிறான். அவன் நிழல் இன்னும் மரப்பொம்மையாகவே இருக்கிறது. அது வாசலில் நின்று, பட்டாம்பூச்சியின் பின்னால் ஓடிவிடுகிறது. இது புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் பையன் நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் பழைய பொம்மையைப் பார்த்து, எவ்வளவு கோமாளியாக இருந்தேன் என்று நினைக்கிறான். நிழலை ஓடவிட்ட பெனினியின் யோசனை அதைவிட நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதே கதையை 1972இல் லூயிஜி கொமென்சினி தொலைக்காட்சித் தொடராக எடுத்திருந்தார். நிஜமான சின்னப் பையன் ஒருவனை நடிக்கவைத்தார். தேவதை அவனை ஆரம்பத்திலேயே மனிதப் பிள்ளையாக்கிவிடுகிறாள், தப்பு செய்தால் மறுபடி மரமாகிவிடுவான். அந்தத் தொடரில் குளிரும் பட்டினியும் நம் மேலேயே படும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் தேடிப் பாருங்கள்.

அப்புறம் 2019இல் மத்தேயோ கர்ரோனே மறுபடி எடுத்தார். பினோக்கியோவாக ஒரு சின்னப் பையன், முகமெல்லாம் மரக்கோடுகள். ஜெப்பெட்டோவாக நடித்தது யார் தெரியுமா? அதே பெனினி. ஆரம்பத்தில் ஜெப்பெட்டோ ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறார். இந்த மேஜை ஆடுகிறதே, அந்தக் கதவு சரியில்லையே, நான் பழுது பார்த்துத் தரட்டுமா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கேட்கிறார். எதிலும் பழுது இல்லை. கடைக்காரருக்குப் புரிந்துவிடுகிறது. ஒன்றும் கேட்காமல் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறார்.

அக்கா மகன் இப்போது வளர்ந்துவிட்டான். இந்தக் காட்சியை அவனோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். கடைசிவரை எழுந்து போகவில்லை.

நன்றி, வணக்கம்.