பத்தரை ஆண்டுகளை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், வேலை முடிந்த கையோடு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். ‘செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்றவரின் மனத்தை ஆற்றுவது நீதியா, மன்னிப்பா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னிப்புதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை கண்ணகியை இந்த மேடைக்கே அழைத்து வந்துவிட்டார். கணவனைக் கள்வன் என்று கொன்ற ஊரை அவள் மன்னித்தாளா என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் ஐயா, தன் தீர்ப்பு பிழை என்று தெரிந்த நொடியில் பாண்டியன் தானே கள்வன் என்று சொல்லி உயிரை விட்டான். அதற்கு மேல் எந்த அரசவை எதைத் தர முடியும்? நீதி முழுதாகக் கிடைத்த பிறகும் அவள் நெஞ்சு ஆறவில்லை. அதன் பிறகுதான் மதுரை எரிந்தது. தங்கை கூட்டி வந்த சாட்சி எங்கள் பக்கம்தான் பேசுகிறது.

அவர் அணித் தோழர் ஜப்பானின் இவாவோ ஹக்கமாதாவைச் சொன்னார். 1966இல் கைதாகி, 1968இல் மரண தண்டனை பெற்று, 2014இல் வெளியே வந்து, 2024 செப்டம்பரில் நிரபராதி என்று தீர்ப்புப் பெற்றவர். ‘நீதி வென்றது’ என்றார் தோழர். தீர்ப்பு வந்த நாளில் அந்த மனிதருக்கு வயது 88. என்றைக்குத் தூக்கு என்று தெரியாமலே காத்திருந்து காத்திருந்து அவர் மனநிலை சிதைந்து போயிருந்தது. 21 கோடி யென்னுக்கு மேல் இழப்பீடு தந்தார்கள். அதை எண்ணி மகிழும் மனம் அவரிடம் இருந்ததா? அந்த அக்டோபரில் ஷிசுவோக்கா காவல்துறைத் தலைவர் அவர் வீட்டுக்கே வந்து தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். தம்பிக்காக வாழ்நாளெல்லாம் போராடிய அக்கா ஹிதேகோவுக்கு அப்போது 91 வயது. இத்தனை ஆண்டுகள் கழித்து, வழக்கில் சம்பந்தமே இல்லாத இவரிடம் குறைபட்டு என்ன பயன் என்றுதான் அந்த அம்மையார் சொன்னார். நீதியும் மன்னிப்பும் ஒரே வீட்டுக்குள் வந்த நாள் அது. அங்கே அமைதியாக இருந்தவர் யார் என்று பாருங்கள்.

இனி ரொனால்ட் காட்டன். இவரைப் பற்றித்தான் நான் நிறையப் பேச வேண்டும்.

1984 ஜூலை, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம். ஜெனிஃபர் தாம்சன் என்ற கல்லூரி மாணவியை ஒருவன் வீடு புகுந்து வன்கொடுமை செய்தான். அந்த நேரத்திலும் அந்தப் பெண் அவன் முகத்தை மனத்தில் பதிய வைத்துக்கொண்டார். பிறகு காவல்துறை காட்டிய படங்களிலும் நேரில் நிறுத்திய வரிசையிலும் காட்டனைச் சுட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. நம்பிச் சொன்னார். காட்டன் சிறைக்குப் போனார்.

அதே சிறைக்கு உண்மைக் குற்றவாளியும் வேறொரு வழக்கில் வந்து சேர்ந்தான். தன் வாழ்க்கையைத் தின்றவன் எதிரே நடமாடுகிறான்! காட்டன் இரும்புத் துண்டைத் தீட்டிக் கத்தியாக்கி வைத்துக்கொண்டார். பார்க்க வந்த தந்தைதான் தடுத்தார்: அவனைக் கொன்றால் நீ இந்தச் சிறைக்கே உரியவன் ஆகிவிடுவாய். ஐயா, அதுவரை அவர் உடம்புதான் உள்ளே இருந்தது. அந்தக் கத்தியைப் பிடித்திருந்தால் நிரபராதி என்ற ஒரே சொத்தும் போயிருக்கும். அவர் அதைக் கைவிட்டார். யாரும் மன்னிப்புக் கேட்காத காலம் அது, நினைவில் வையுங்கள்.

1995இல் மரபணுச் சோதனை அவரை விடுவித்தது. பத்தரை ஆண்டுகள் போயிருந்தன. 1997இல் ஒரு தேவாலயத்தில் இருவரும் சந்தித்தார்கள். எழுந்து நிற்கவும் முடியாமல் அந்தப் பெண் அழுதார். காட்டன் அவர் கைகளைப் பற்றிக்கொண்டு, மன்னித்து வெகுநாளாகிவிட்டது என்று தேற்றினார். அழுதவர் குற்றம் சாட்டியவர், தேற்றியவர் சிறை மீண்டவர்!

மன்னித்தால் தவறு மூடி மறைக்கப்படும் என்று எதிரணி அஞ்சுகிறது. அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் நடந்தது என்ன? அந்த இருவரும் சேர்ந்தே ஊர் ஊராகப் போய், சாட்சிகள் அடையாளம் காட்டும் முறையை மாற்றச் சொல்லிப் பேசினார்கள். நம் சிங்கப்பூரையே பாருங்கள். இந்தோனேசியப் பணிப்பெண் பார்த்தி லியானிக்குத் திருட்டு வழக்கில் 26 மாதச் சிறை என்று 2019இல் தீர்ப்பு. மேல்முறையீட்டில் 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்ததால் சிறைவாசல் மிதிக்காமல் தப்பினார். வேலை பார்க்க வழியில்லாமல் நான்கு ஆண்டுகள் காப்பகத்தில் கிடந்தவர், முதலாளியை மன்னிக்கிறேன், மற்றப் பணியாளர்களுக்கு இப்படிச் செய்யாதீர்கள் என்றார். பிறகு அரசாங்க வழக்கறிஞர்கள் இருவர் வழக்கை நடத்திய விதத்தை விசாரிக்கவும், இழப்பீடு தரவும் கோரி நீதிமன்றப் படியேறினார். அவர் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனாலும் மன்னித்த வாயால்தான் கேள்வியும் கேட்டார்.

கடைசியாக என் மாமா. ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தார். செப்புக் கம்பிச் சுருள்கள் காணவில்லை என்று மேலாளர் இவரைக் கைகாட்ட, மூன்று வாரம் காவலில் இருந்தார். சுருள்கள் வேறு கிடங்கில் இருந்தன, கணக்கில்தான் பிழை. வழக்கு போனது, ஆனால் மாமா விளக்கை அணைத்துவிட்டுத் தூங்க மாட்டார். அத்தை எத்தனையோ சொல்லிப் பார்த்தார். பல வருடம் கழித்து ஒரு ஞாயிறு காலை, தேக்கா சந்தையில் அந்த மேலாளர் கைத்தடியோடு நின்றார். மாமாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் விடுவித்துக்கொண்டு போய், “காலுக்கு என்ன ஐயா ஆயிற்று?” என்று கேட்டார். அந்தப் பெரியவர் பதில் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. மாமா அவருடைய காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தார்.

அன்று இரவு விளக்கை அணைத்தது மாமாதான். அத்தை இருட்டில் விழித்துக்கொண்டு, பதறிப் போய் அவர் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாராம்.