பாம்புக்கடி ஊசிக்குள்ள குதிரை, அதுக்குப் பின்னாடி எலி! விலங்குச் சோதனை நமக்கு வேணுமா?

[திரையில்: உள்ளங்கையில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில்]

வணக்கம் மக்களே! இந்த பாட்டில்ல இருக்கற வெள்ளைத் தூளைப் பாருங்க. இது குதிரை ரத்தத்துல இருந்து எடுத்தது. எங்க பெரியப்பா இன்னைக்கு உயிரோட இருக்கார்னா இதனாலதான்.

மதுராந்தகம் பக்கம் வயல்ல அவரைக் கண்ணாடி விரியன் கடிச்சுது. ஆஸ்பத்திரியில நர்ஸ் அக்கா இந்தத் தூள்ல பத்து மில்லி தண்ணி விட்டு, குலுக்காம, உள்ளங்கைக்கு நடுவுல வச்சு மெதுவா உருட்டினாங்க. குலுக்கினா நுரை வந்துடுமாம். அப்படிப் பத்து பாட்டில். 2000ல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு ஒரு பெரிய ஆய்வு கணக்குப் போட்டிருக்கு. அந்தக் கணக்குல எங்க பெரியப்பா இல்லை.

இப்போ ஈ.சி.ஆர்.ல வடநெம்மேலிக்கு வாங்க. முதலைப் பண்ணைக்குள்ளயே இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கு, 1978ல ஆரம்பிச்சது. மண்பானை வரிசையா இருக்கும், வாயில துணி கட்டியிருக்கும். ஒரு அண்ணன் துணியை அவிழ்த்து, கொக்கியால விரியனைத் தூக்கி, தலையைப் பிடிச்சு, மேல தோல் கட்டின கண்ணாடிக் குவளையில கடிக்க விட்டார். கண்ணாடிக்குள்ள மஞ்சளா சில சொட்டு. அவ்வளவுதான்! சில வாரம் வச்சிருந்துட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டுலயே விட்டுடுவாங்க. நான் மூணு தடவை போயிட்டேன், இன்னும் சலிக்கலை. குழந்தைகளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா, அளவை ஏத்திக்கிட்டே ஊசியில போடுவாங்க. குதிரை உடம்பு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கும். ரத்தத்தை எடுத்து, அதைப் பிரிச்சு, சுத்தம் பண்ணினா இந்தத் தூள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் இதே மருந்துதான். குதிரைப் புரதம்ங்கறதால சிலருக்கு ஒத்துக்காம அரிப்பு, நடுக்கம் வரும். பெரியப்பாவுக்கும் வந்துது. அதுக்கும் ஒரு ஊசியை டாக்டர் கையிலயே வச்சிருந்தார்.

குதிரை வரைக்கும் பல பேருக்குத் தெரியும். எலிக் கதைதான் யாரும் சொல்றதில்லை.

ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் நாக விஷத்தையும், 0.45 மில்லிகிராம் கட்டுவிரியன் விஷத்தையும் முறிக்கணும்னு இந்தியாவுல விதி. முறிக்குதான்னு எப்படித் தெரியும்? விஷத்தையும் மருந்தையும் கலந்து வெள்ளை எலிகளுக்குப் போடுவாங்க. அப்புறம் எத்தனை பிழைச்சுது, எத்தனை செத்துதுன்னு எண்ணுவாங்க. அதுதான் சோதனை. சாகற எலிக்கு வலிக்கும். அதை மறைச்சுட்டு இந்த வீடியோவை என்னால பண்ண முடியாது. எங்க பெரியப்பா உயிர்ல அந்த எலிகளுக்கும் பங்கு உண்டு.

அப்போ விலங்குல சரியா வந்தா மனுஷனுக்கும் சரியா வருமா? வராமலும் போகும். 2006ல லண்டன்ல ஒரு புது மருந்து. குரங்குக்கு ஒண்ணும் பண்ணாத அளவுல ஐந்நூறுல ஒரு பங்குதான் ஆறு இளைஞர்களுக்குக் கொடுத்தாங்க. ஆறு பேருக்கும் பல உறுப்புகள் செயலிழந்து, பெரும்பாடு பட்டுத்தான் காப்பாத்தினாங்க. அதனால ‘எலியில வேலை செஞ்சிருச்சு’ன்னு வர்ற செய்தியை நம்பி யாரும் குதிக்காதீங்க.

இந்த விவாதத்துல நம்ம திருவான்மியூருக்கு ஒரு பெரிய இடம் இருக்கு! கலாக்ஷேத்ராவை உருவாக்கின ருக்மிணி தேவி அருண்டேல்தான் ராஜ்யசபாவுல மிருகவதைக்கு எதிரா மசோதா கொண்டுவந்தாங்க. 1960ல சட்டம் வந்துது. 1962ல விலங்கு நல வாரியம் வந்துது, முதல் தலைவரும் அவங்கதான். அதோட தலைமையகம் ரொம்ப வருஷம் சென்னையிலதான் இருந்துது. அந்தச் சட்டம் உயிர் காக்கற அறிவுக்காகப் பண்ற சோதனையைத் தடுக்கலை. ஆனா தவிர்க்க முடிஞ்சா தவிர்க்கணும், சின்ன விலங்கு போதும்னா பெரிய விலங்கைத் தொடக் கூடாதுன்னு சொல்லுது. அறுபது வருஷம் முன்னாடியே இவ்வளவு யோசிச்சிருக்காங்க!

அழகு சாதனங்களுக்கு விலங்குச் சோதனை 2014லயே தடை ஆயிடுச்சு. நல்லது. லிப்ஸ்டிக்குக்காக முயல் கண்ணு எரியணுமா? 2023ல மருந்து விதிகளையும் திருத்தி, விலங்கு இல்லாத முறைகளுக்கு வழி விட்டாங்க.

என் நிலை இதுதான்: வேற வழி இல்லாத இடத்துல எலிச் சோதனை இருக்கட்டும், ஆனா வருஷா வருஷம் எத்தனை விலங்கு, எதுக்காகன்னு கணக்கு வெளியில வரணும். பிரிட்டன்ல உள்துறையே ஒவ்வொரு வருஷமும் வெளியிடுது. நம்ம ஊர்ல அதைத் தமிழ்லயே நான் படிக்கணும். ரத்தம் கொடுத்த குதிரைக்கு வயசானா தீனியும் நிழலும் யார் பொறுப்புன்னு எழுத்துல இருக்கணும்.

பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. (இந்திய அறிவியல் கழகம்) ஆளுங்க வெளிநாட்டு ஆய்வாளர்களோட சேர்ந்து, குதிரையே இல்லாம, ஆய்வகத்துலயே உருவாக்கின ஒரு எதிர்ப்புப் பொருளை 2024ல வெளியிட்டாங்க. நாகம், கட்டுவிரியன் விஷத்துல இருக்கற ஒரு வகை நச்சை அது முறிக்குது. குதிரைக்கு ஓய்வு கிடைக்க இதுதான் பாதை. படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதையும் எலியிலதான் சோதிச்சாங்க.

உங்க வீட்ல யாருக்காவது இந்த ஊசி போட்டிருக்காங்களா? எந்த ஊர், எத்தனை பாட்டில்னு கீழ எழுதுங்க. நான் ஒவ்வொண்ணையும் படிப்பேன்.