மிஹோ என்றால் மகன் மட்டுமா?

அவையோர்க்கு வணக்கம்.

மெக்சிகோவில் காய்கறிச் சந்தைக்குப் போனால், தக்காளி விற்கும் பாட்டி முன்பின் தெரியாத இளைஞனை "மிஹோ" என்பார், பெண்ணை "மிஹா" என்பார். ஸ்பானிஷ் மொழியின் 'மி இஹோ' (mi hijo), அதாவது 'என் மகன்' என்ற இரண்டு சொற்கள் பேச்சில் ஒட்டிப் பிறந்த சொல் இது. ஸ்பானிஷில் எச் எழுத்துக்கு ஒலி இல்லை. ஜே எழுத்துக்குத்தான் ஹகர ஒலி. ஆகவே நடுவில் தடுக்க ஆளில்லாமல் இரண்டு இகரமும் ஒன்றாகிவிட்டன. எழுத்தில் பார்த்தால் பனிவரகுக்கும் இதே சொல்தான். ஆனால் அங்கே யாரும் பிள்ளையைத் தானியம் என்று நினைப்பதில்லை.

மிஹோ என்று அழைக்க உறவு வேண்டாம், வயது இடைவெளி போதும். மூத்தவர் இளையவரை அழைக்கும் சொல் இது. இருபது வயதுக்காரர் அறுபது வயதுக்காரரை அப்படி அழைத்தால் கிண்டலாகிவிடும். விதிவிலக்கும் உண்டு: கொலம்பியாவில் கணவன் மனைவியே ஒருவரையொருவர் மிஹோ, மிஹா என்பார்கள். ஸ்பெயினில் இந்தச் சொல் அமெரிக்கக் கண்டத்துக் குரலாகவே காதில் விழும். அங்கே வெறும் "இஹோ"தான். அதிலும் "ஐ, இஹோ!" என்று இழுத்தால் பாசம் குறைந்து, நம் "அட போப்பா" வந்துவிடும்.

கரீபியன் நாடுகளில் தாய் தன் மூன்று வயது மகனை "பாப்பி, இங்கே வா" என்று கூப்பிடுவாள். பாப்பி என்றால் அப்பா! மகளை "மாமி" என்பாள், அது அம்மா. ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் திகைத்து நிற்பார்கள். "ஏம்மா அழுறே", "வாப்பா சாப்பிடலாம்" என்று குழந்தையிடம் பேசி வளர்ந்த நமக்கு விளக்கமே தேவையில்லை. 'மி ரேய்' நம் 'என் ராசா'வேதான். இன்னொன்று இதைவிட அழகு. மிக அருமையான பிள்ளையை 'என் கண்களின் நீன்யா' என்பார்கள். நீன்யா என்றால் சிறுமி. கண்ணின் கருமணிக்கும் அதுவே பெயர். நம் 'பாவை'யும் பெண், பொம்மை, கருமணி மூன்றையும் குறிக்கிறதல்லவா? எதிரில் நிற்பவரின் கண்ணுக்குள் தெரியும் சின்ன உருவத்தை இரண்டு மொழிக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் பாப்பி, மாமியை வளர்ந்தவர்களிடம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தெருவில் போகும் இளம்பெண்ணை 'மாமீத்தா' என்பது சீண்டல். சிலியில் மிஹாவின் செல்ல வடிவமான 'மிஹீத்தா'வோடு 'ரீக்கா' (ருசியானவள்) சேர்ந்தால், பாட்டியின் செல்லச் சொல் தெருப்பொறுக்கியின் சொல்லாகிவிடும்.

அடுத்து வினைச்சொல். குழந்தைகளிடம் 'தூ' (நீ), மரியாதைக்கு 'உஸ்தெத்' (நீங்கள்) என்று பாடநூல் சொல்லும். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவிலும் கோஸ்டா ரிக்காவிலும் அது செல்லாது. அங்கே தாய் மகனை "மிஹோ, பெங்கா" என்பாள். பெங்கா என்றால் 'வாங்க'. நாமும் "வாங்க தங்கம்" என்று குழந்தையைக் கொஞ்சுகிறோம், அதே வாயால் "ஐயா வாங்க, மணி என்ன ஆச்சு?" என்று மகனைக் கடிந்தும் கொள்கிறோம். அங்கேயும் அப்படியே: வழக்கமாக 'தூ' சொல்லும் வீட்டில் திடீரென்று 'உஸ்தெத்' வந்தால் பிள்ளை எதிலோ மாட்டிக்கொண்டான் என்று பொருள்.

பெரிய ஆபத்து ஊர் மாறும்போதுதான். 'பையன்' என்பதற்கு ஒவ்வொரு மண்ணும் ஒரு சொல் வைத்திருக்கிறது. அர்ஜென்டினாவின் 'பீபே'யை மரடோனாவின் பட்டப்பெயரில் பலர் கேட்டிருப்பீர்கள்: பீபே தெ ஓரோ, தங்கப் பையன். ஸ்பெயினின் 'சவால்' ஜிப்சி மக்களின் பேச்சிலிருந்து வந்தது. மெக்சிகோவின் 'எஸ்க்விங்க்லே' அந்நாட்டுப் பழங்குடி மொழியான நாவாட்டிலில் நாயைக் குறித்த சொல். எரிச்சலில் வாய்விட்டு வரும் "வாலுப்பயலே" அது, அடுத்தவர் பிள்ளையிடம் வேண்டாம். தென் அமெரிக்கப் பழங்குடி மொழியான கெச்சுவா தந்த 'குவாகுவா' சிலியிலும் பொலிவியாவிலும் கைக்குழந்தை; கியூபாவில் அது பேருந்து! சிரித்துவிட்டுப் போகலாம். 'சிப்போத்தே' விஷயத்தில் சிரிக்க முடியாது. எல் சால்வடோரிலும் ஹோண்டுராஸிலும் அது சிறுவன், ஸ்பெயினில் ஆணுறுப்புக்கான கொச்சைச் சொல்.

உருகுவேயில் 'நெக்ரீத்தோ' என்றால் எழுத்துப்படி 'சின்னக் கறுப்பன்'. பழக்கத்தில், தோல் நிறம் பார்க்காமல் நண்பரை அழைக்கும் சொல். அந்நாட்டுக் கால்பந்து வீரர் எடின்சன் கவானி, மான்செஸ்டர் யுனைடெட் அணியில் ஆடியபோது, 2020 நவம்பரில் வாழ்த்திய நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் இந்தச் சொல்லால் நன்றி சொன்னார். நிறத்தைச் சுட்டும் தகாத சொல் என்று இங்கிலாந்து கால்பந்து சங்கம் 3 ஆட்டத் தடையும் 1,00,000 பவுண்டு அபராதமும் விதித்தது. உருகுவேயின் மொழிக் கழகம் அந்தத் தண்டனையைக் கண்டித்து அறிக்கை விட்டது. இரு தரப்பு வாதத்துக்கும் இடமிருக்கிறது. ஆனால் வெளியூர்க்காரர் அந்தச் சொல்லைத் தொடாமல் இருப்பதே புத்தி.

அப்படியானால் எதைத்தான் சொல்வது? பெயர் தெரிந்தால் பெயரோடு 'இத்தோ', 'இத்தா' சேருங்கள். பெத்ரோ, பெத்ரீத்தோ ஆவான். கார்லோஸ் என்றால் கடைசி ஸகரத்தை விட்டுவிடாமல் கார்லீத்தோஸ். னகரத்தில் முடியும் கார்மென், இடையில் 'சி' ஏற்று கார்மென்சீத்தா. கோஸ்டா ரிக்காவில் தகரத்தை அடுத்து 'இக்கோ' வரும்: பூனை 'காத்தோ', குட்டிப்பூனை 'காத்தீக்கோ'. அந்த 'தீக்கோ'தான் அந்நாட்டு மக்களுக்கே செல்லப்பெயராகிவிட்டது.

பெயர் தெரியாத இடத்தில் மெக்சிகோவில் 'ஹோபென்' போதும். இளைஞரே என்று பொருள். உணவகத்தில் தலை முழுக்க நரைத்த பரிமாறுபவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.